இங்கிலீஷில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்

போடியில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து, "மிஸ், ஐ வில் கோ அண்ட் கம்" என்றாள். நான் தலையசைத்தேன். அவள் வெளியே ஓடியதும் இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இதையெல்லாம் நீங்கள் திருத்துவதில்லையா? எந்த இங்கிலீஷ்காரன் இப்படிப் பேசுகிறான்?"

"ஒருத்தி பேசினாள், சார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. வாய்த் துடுக்கு என்று என்னைப் பற்றி எழுதிவிட்டுப் போனதாகத் தலைமையாசிரியை பிறகு சொன்னார். எழுதட்டும். அவர் இங்கிலீஷ்காரியைப் படத்தில் பார்த்தவர். நான் இங்கிலீஷ்காரிக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டவள்.

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டால், படியிறங்கியவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "போறேன்னு சொல்லாத, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போ" என்று சொல்ல வைத்த பிறகுதான் விடுவார்கள். சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. அங்கே ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். மற்ற இடங்களில், பக்கத்துத் தெருக் கடைக்குப் போனாலும் சரி, பர்மாவுக்குப் போனாலும் சரி, வர்றேன் என்று சொல்லாமல் வாசல் தாண்ட முடியாது. இப்படி வளர்ந்த நாங்கள் இங்கிலீஷ் படித்தபோது அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போனோம். இங்கிலீஷ் பேசுகிறோம் என்பதற்காகத் திரும்பி வராமல் இருக்க முடியுமா?

என் வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் இறந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. குழந்தை இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அங்கேயே கொஞ்ச நாள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தேன். போடி கடைவீதியில் அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம். அவர் வீட்டில்தான் இருந்தேன். அண்ணி நல்லவள்தான், ஆனால் நான் இரண்டாவது தடவை சோறு கேட்கும் நேரம் பார்த்து அரிசி விற்கிற விலையைப் பற்றிப் பேச்செடுப்பாள். எங்காவது ஓடிவிட வேண்டும் என்று இருந்தது.

அண்ணன் காய் வாங்கப் போகும் எஸ்டேட்டுகளில் ஒன்று போடிமெட்டுக்கும் மேலே இருந்தது. அங்கே துரை, துரைசானி, ஒரே ஒரு பெண் குழந்தை. துரைசானிக்கு உடம்பு அடிக்கடி முடியாமல் போகும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கிலீஷ் பேசுகிற பெண் வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். மலை வளைவு ஒவ்வொன்றிலும் மனதுக்குள் இங்கிலீஷ் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். துரைசானி பத்து நிமிஷம் பேசினாள். "உன் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறது, டீச்சர்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்த மலையை நடந்தே ஏறியிருப்பேன். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். இன்றைக்கு எனக்கு நினைவு வருவது என்னவோ தமிழில்.

குழந்தைக்கு அப்போது நான்கு வயது. சுக்கு நிறத்தில் முடி. மூக்கின் மேலே எள்ளைத் தூவினாற்போலப் புள்ளிகள். முதல் நாள் என்னைக் கண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. எங்கள் ஊரில் சின்னப் பெண் குழந்தையைக் கொஞ்சிக் கூப்பிடுகிற மாதிரி, "வா ஆத்தா, வந்து அக்காவப் பாரு" என்றேன். ஆத்தா என்பதுதான் என் பெயர் என்று எண்ணிக்கொண்டதோ என்னவோ, அன்று மாலைக்குள் அவளும் என்னை 'ஆத்தா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் அவளுக்கு ஆத்தா என்பேன், அவள் எனக்கு ஆத்தா என்பாள். துரைசானிக்கு அதன் அர்த்தம் தெரியாது. சமையற்காரருக்குத் தெரியும். கம்பத்துக்காரர், முஸ்லிம், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "பெத்தவ உள்ள படுத்திருக்கா, ஆத்தா இங்க நிக்கிறா" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போகும். வெளியே மட்டும், "சோலியப் பாருங்க பாய்" என்பேன்.

அவளுடன் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்பது உத்தரவு. பேசினேன். ஆனால் என் இங்கிலீஷ் போடி கடைவீதியைக் கடந்து வந்த இங்கிலீஷ். அது எனக்கும் தெரியவில்லை, உடம்பு முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த துரைசானிக்கும் தெரியவில்லை. சின்னச் சின்னக் கல்லைக் குழந்தை 'ஸ்மால் ஸ்மால் ஸ்டோன்ஸ்' என்றாள். மழை தூறினால், "ஆத்தா, லைட் லைட் ரெயின்" என்று ஓடி வருவாள். காய் உலர்த்தும் ஸ்டோரின் வெதுவெதுப்பில் உட்கார்ந்துகொண்டு, காய் பொறுக்குகிற பெண்களிடம் சுத்தமான போடித் தமிழில் வாயடிப்பாள். "என்னாத்துக்கு இம்புட்டு மெதுவாப் பொறுக்குற? வெரசாப் பொறுக்கு" என்று அவள் அதிகாரம் பண்ணினால் அந்தப் பெண்கள் கையிலிருந்த காயை விட்டுவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள்.

சாயங்காலம் அவளைத் தூங்க வைத்துவிட்டுப் பங்களாவுக்குப் பின்னால் இருந்த என் அறைக்குப் போவேன். போகும்போது, "ஐ வில் கோ அண்ட் கம், ஆத்தா" என்பேன். "கோ அண்ட் கம், ஆத்தா" என்று அவளும் தூக்கத்தில் முனகுவாள். நாளாக நாளாக அவளும் அதையே சொன்னாள். தோட்டத்துக்குப் போனால் சொல்வாள். குளிக்கப் போனால் சொல்வாள். எனக்கு அது இங்கிலீஷா தமிழா என்ற யோசனையே வந்ததில்லை. இங்கிலீஷ்காரக் குழந்தை வாயில் வந்தால் அது இங்கிலீஷ்தானே?

அவளுக்கு ஆறு வயது முடிந்த சமயத்தில் துரையின் அக்கா சீமையிலிருந்து வந்தாள். நெட்டையாக, கம்பீரமாக இருப்பாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வந்த அன்றே எனக்கு ஒரு டப்பா பிஸ்கெட்டு கொடுத்தாள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பக்கத்து எஸ்டேட் துரைமார்களைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தை தன் பாலைக் குடித்து முடித்தாள், நாற்காலியிலிருந்து இறங்கினாள், நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி எல்லோரையும் பார்த்து மரியாதையாக, "ஐ வில் கோ அண்ட் கம், ஆன்ட்டி" என்றாள்.

அத்தைக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்கே போய் எங்கே வரப் போகிறாய்? இன்னொரு தடவை சொல்லு" என்றாள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று குழந்தை நினைத்துக்கொண்டாள். கையை ஆட்டி, தலையை ஆட்டி, இன்னும் சத்தமாகச் சொன்னாள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். எதற்கோ தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஓடிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் வந்துவிட்டேன். பின்னால், "நம் நாட்டில் ஒருவர்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்" என்று அத்தைக்காரி சொல்வது கேட்டது.

அப்போதுதான் பள்ளிக்கூடம் என்ற பேச்சையே முதலில் கேட்டேன். சீமையில் ஒரு பள்ளிக்கூடம், அங்கேயே தங்கிப் படிக்கிற இடம். அவளை அங்கே அனுப்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் துரைசானி என்னை அறைக்குக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், நீ ஒன்றும் வருத்தப்படாதே. ஆனால் அவள் பேச்சைச் சரிப்படுத்த வேண்டும். மற்ற இங்கிலீஷ் குழந்தைகள் மாதிரி பேசிவிட்டாள் என்றால் அப்புறம் எனக்கு ஒரு கவலையும் இல்லை" என்றாள். என்னென்ன மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள். கிளம்பும்போது 'குட்பை' என்றால் போதும் என்றாள்.

ஒரு கவலையும் இல்லை என்றாளே, அதை நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளையைக் கண்காணாத ஊருக்கு அனுப்புவார்கள்? வீட்டில் இருந்து உருப்படாத பிள்ளையைத்தான். சிலமலையில் என் சித்தப்பா மகன் படிக்காமல் கிணறு கிணறாக நீச்சலடித்துத் திரிந்தான். கொண்டுபோய் மதுரையில் ஹாஸ்டலில் தள்ளினார்கள். ஒழுங்காகப் படித்த அவன் தங்கையை யாரும் எங்கும் அனுப்பவில்லை. நன்றாக வருகிற பிள்ளையை எந்தத் தாய் கையை விட்டு அனுப்புவாள்? ஆகவே குழந்தையின் பேச்சைத் திருத்திவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. துரைசானியிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்துகொள்ளவும் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்குமா என்று யாராவது கேட்பார்களா?

வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். முதலில் என் நாக்கைத் திருத்த வேண்டியிருந்தது. துரைசானி எழுந்து நடமாடுகிற நேரமெல்லாம் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இதை எப்படிச் சொல்வீர்கள், அதை எப்படிச் சொல்வீர்கள், இது உங்கள் காதுக்குச் சரியாக இருக்கிறதா என்று அவள் அலுத்துப் போகும் அளவுக்குக் கேட்டேன். 'ஸ்மால் ஸ்மால் ஸ்டோன்ஸ்' ஒரே வாரத்தில் போய்விட்டது. தூறல் மழையும் சரியாகிவிட்டது. ஸ்டோர்ப் பக்கம் அவளை விடுவதை நிறுத்தினேன். காய் பொறுக்குகிற பெண்கள், "பாப்பாவ எங்க டீச்சரம்மா, கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறீக?" என்று கேட்டார்கள். எரிந்து விழுந்தேன்.

குட்பைதான் இறங்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் நான் குட்பை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அதுல வர்றேன்னு இல்லையே ஆத்தா."

"வர்றேன்னு சொல்லாட்டியும் வருவேன் ஆத்தா. சீமையில எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்களாம்."

"அங்க போனவுக யாரும் வர மாட்டாகளா?"

"வருவாக, வருவாக, படு" என்றேன். அவள் படுக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பழையபடி சொன்னால்தான் விடுவேன் என்று அழுதாள். நானும் உள்ளுக்குள் அவள் கட்சிதான். வெறும் குட்பையைச் சொல்லிவிட்டு என் அறைக்கு நடக்கையில், தலைக்குக் குளிக்காமல் கோயிலுக்குப் போகிற மாதிரி ஏதோ ஒரு குறை எனக்கும் இருந்தது. ஆனால் அவளை இருத்திக்கொள்ள வேண்டுமே.

அதனால் பகலில் ஒரு விளையாட்டாக அதைச் செய்தேன். சமையற்கட்டு வாசலில் அவளை நிறுத்துவேன். குட்பை சொல்லிவிட்டுச் சுவர் மூலை திரும்பி மறைந்துவிடுவேன். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பி வந்து, "பாத்தியா, குட்பைதான் சொன்னேன். வந்துட்டனா இல்லையா?" என்பேன். முதலில் நான் மூலை திரும்புவதற்குள் அழுதுகொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சிரித்தாள். கடைசியில் அவளே குட்பை சொல்லிவிட்டு மூலைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வாள். நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுவது போல நடிப்பேன். வாய்கொள்ளாச் சிரிப்போடு திரும்பி வருவாள். பாய் கரண்டியும் கையுமாக எங்களை வேடிக்கை பார்ப்பார். "என்ன வெளாட்டும்மா இது, நல்லாவே இல்ல" என்று ஒருநாள் சொன்னார். நான் அவரை அதட்டினேன்.

மழைக்காலத்துக்கு முன்பே அவள் பேச்சு மாறிவிட்டது. என்னிடம் தமிழில் பேசுவதுகூடக் குறைந்தது. ஒரு நாள் தேநீருக்கு மறுபடியும் அதே பக்கத்து எஸ்டேட்காரர்கள் வந்தார்கள். குழந்தை பேசினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தைக்காரி புருவத்தை உயர்த்தி, "சொந்த ஊர்க் குழந்தை மாதிரியே பேசுகிறாளே!" என்றாள். கதவோரம் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பரீட்சையில் தேறியது அவளா நானா என்று தெரியாத சந்தோஷம். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு, அவ்வளவு பூரிப்பு.

காலையில் துரைசானி என்னைக் கூப்பிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் அதற்கு முன் என்னைத் தொட்டதில்லை. "உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? இனிமேல் பயமில்லை. கப்பலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. அத்தையோடு போகிறாள்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு என்றாள்.

"பேச்சுத்தான் சரியாகிவிட்டதே, மேடம்! அப்புறம் எதற்கு அனுப்ப வேண்டும்?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சரியானதால்தானே அனுப்ப முடிகிறது" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். துரைசானி முன்னால் நான் அதுவரை உட்கார்ந்தது கிடையாது. நான் நினைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். ஒழுங்காகப் பேசினால் இங்கேயே வைத்துக்கொள்வீர்கள் என்றுதான் பாடுபட்டேன் என்றேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்திலேயே, அந்த வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அதைச் சொன்னாள். அவளும் இந்த நாட்டில் பிறந்தவள்தானாம். ஏழு வயதில் அவளையும் இப்படித்தான் கப்பலேற்றினார்களாம். அவள் வாயிலும் ஏதோ ஒரு ஆயா சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ். வகுப்பில் எழுந்து பேசிய முதல் நாளே பிள்ளைகள் சிரித்த சிரிப்பில், அப்புறம் ஒரு வருஷம் அவள் வாயே திறக்கவில்லையாம். "எங்களில் எல்லோரும் குழந்தைகளை அனுப்பித்தான் ஆக வேண்டும். அது என் கையில் இல்லை. ஆனால் என் மகளை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். அதை நீ செய்து கொடுத்துவிட்டாய்" என்று சொல்லி அழுதாள்.

அவள் கல்நெஞ்சுக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நான்கு வார்த்தை திட்டிவிட்டு மலையை விட்டு இறங்கியிருப்பேன். ஒரே தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். அவளுக்காவது அழ உரிமை இருந்தது. பெற்றவள். நான் யார்? மாதச் சம்பளத்துக்கு வந்தவள்.

அன்று சாயங்காலம் புத்தி பேதலித்த மாதிரி ஒரு காரியம் செய்தேன். பழைய பேச்சு மறுபடியும் வாய்க்கு வந்துவிட்டால் அனுப்ப மாட்டார்கள் அல்லவா என்று தோன்றிவிட்டது. குழந்தையைப் படுக்க வைத்துப் போர்வையை இழுத்துவிட்டு, அவள் காதோரம், "ஐ வில் கோ அண்ட் கம், ஆத்தா" என்றேன். "நீயும் சொல்லு பாப்போம்."

அவள் சிரித்தாள். அத்தைக்காரியின் சிரிப்பு இல்லை, இளக்காரம் ஒன்றும் இல்லை. தெரியாதவளுக்கு அன்பாகச் சொல்லித் தருகிற சிரிப்பு. என் கையைத் தடவிக்கொண்டே, "நோபடி செஸ் தட், ஆத்தா" என்றாள்.

யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்களாம். எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. விளக்கைத் தணித்துவிட்டு என் அறைக்கு வந்து, தலையணையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. அவருக்காக அழ ஊரே கூடியிருந்தது.

கிளம்புகிற நாள் காலையில் மலை முழுக்க மூட்டம். ஜீப்பில் பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். போடி போய், அங்கிருந்து மதுரைக்கு ரயில், அப்புறம் கப்பல். துரை ஓட்டப் போகிறார், அத்தைக்காரி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். துரைசானிக்கு மலை இறங்குகிற தெம்பு இல்லை. வாசற்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு நான்தான் தலை சீவிவிட்டேன். இரட்டைப் பின்னல் வேண்டாம், ஒற்றையாகப் பின்னினால் போதும் என்று அத்தைக்காரி சொல்லியிருந்தாள். பின்னி முடித்த பிறகும் கையை எடுக்க மனமில்லாமல் பிரித்துவிட்டு மறுபடியும் பின்னினேன்.

குழந்தை ஒவ்வொருவராக எல்லோரிடமும் விடைபெற்றாள். தோட்டக்காரரிடம், நாயிடம், பாயிடம். தாய் குனிந்து முத்தம் கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் எப்படித்தான் நின்றாளோ. கடைசியாகக் குழந்தை என்னிடம் வந்தாள். நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நாக்குப் பிசகி, பழைய வார்த்தை வந்துவிடாதா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரக் கூடாது என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அத்தைக்காரி இருக்கிறாள், மறுபடியும் சிரிப்பாள்.

"குட்பை, ஆத்தா."

நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, மெல்ல, உதடு பிரிந்தும் பிரியாமலும் சொன்னாள். சிரித்த முகம். அவளுக்குத் துக்கம் ஒன்றும் இல்லை. குட்பை சொல்லி மறைந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் வெயில் மழை பாராமல் அந்தச் சுவர் மூலையில் நான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். ஜீப்பு திரும்புகிற வரைக்கும் எட்டிப் பார்த்துக் கையாட்டினாள்.

அவள் திரும்பி வரவில்லை. அதற்கு அடுத்த வருஷமே எஸ்டேட் கைமாறியது. துரையும் துரைசானியும் போய்விட்டார்கள். நான் போடிக்கு இறங்கி வந்து பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தேன். அவள் இப்போது எந்த ஊரில் யார் வீட்டு வாசலில் நின்று என்ன சொல்லி விடைபெறுகிறாளோ. கட்டாயம் எல்லோரும் மெச்சுகிற மாதிரிதான் பேசுவாள். அவள் வாயைக் கேட்டு இந்த ஏலமலையை ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. என்னையும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு நன்றாகத் துடைத்துவிட்டேன்.

அன்று ஜீப்பின் சத்தம் கீழே வளைவில் அடங்கிய பிறகு துரைசானி என் பக்கம் திரும்பி, "கேட்டாயா டீச்சர், எவ்வளவு அழகாகச் சொன்னாள்" என்றாள். உள்ளே போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாய் மட்டும் தோளில் துண்டோடு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கேக்கு, சூப்பு, அவ்வளவுதான்.

"கடேசியா பாப்பா ஒங்ககிட்ட என்னம்மா சொல்லுச்சு?" என்று கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லுச்சு, பாய்."

"அப்பிடியா சொல்லுச்சு?" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப வந்துரும்மா. சொல்லிட்டுப் போன பிள்ள வராம இருக்குமா?"

உள்ளே போய், அவள் பாதி குடித்து வைத்திருந்த பால் டம்ளரைக் கழுவித் துடைத்து, வேறு யாரும் எடுத்துவிடாதபடி மேல் தட்டில் பத்திரமாக வைத்தார்.